வாய்ப்பா? வேலையா?

ஆலை வாயிலில் "ஆட்கள் தேவை" என்று பலகை தொங்கினால் அதன் பொருள் நம் தோழர்களுக்குத் தெரியும். உள்ளே வேலை இருக்கிறது. வேலைக்குக் கூலி உண்டு. கூலி எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். பல்கலைக் கழகத்தின் வாயிலிலும் அவ்வப்போது ஒரு பலகை தொங்கத்தான் செய்கிறது. அதிலே "ஆட்கள் தேவை" என்று எழுதுவதில்லை. "ஆராய்ச்சி வாய்ப்பு" என்று எழுதுகிறார்கள். வேலை என்று சொன்னால் வந்தவன் கூலி கேட்பான். வாய்ப்பு என்று சொன்னால் கைகூப்பி நன்றி சொல்வான்! ஒரே ஒரு சொல்லை மாற்றிப் போட்டு எத்தனை காசு மிச்சம் பிடிக்கலாம் என்பதை முதலாளிமார்கள்கூடப் பல்கலைக் கழகங்களிடம் பாடம் கேட்க வேண்டும்.

"இது படித்தவர்கள் விவகாரம், டாக்டர் பட்டம் வாங்கியவனுக்கு என்ன குறை? தறி ஓட்டுகிற நமக்கு இதில் என்ன?" என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயம். அப்படிக் கேட்கிற தோழர்கள் அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் 2022ஆம் ஆண்டு நடந்ததைச் சற்றுப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பிறகு தங்கள் தீர்ப்பைச் சொல்லட்டும்.

கலிபோர்னியாப் பல்கலைக் கழகம் அந்த மாநில அரசுக்குச் சொந்தமானது. பெர்க்கிலி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான்டியாகோ, சான்பிரான்சிஸ்கோ என்று பத்து ஊர்களில் அதற்குக் கல்வி நிலையங்கள் உண்டு. உலகத்திலுள்ள பெரிய ஆராய்ச்சிக் கூடங்களின் வரிசையில் முன்னால் நிற்பது. நோபல் பரிசு வாங்கியவர்களின் படங்களை மாட்டுவதற்குச் சுவர் போதாத இடம். அங்கே அந்த ஆராய்ச்சியைச் செய்வது யார்? படத்திலே இருக்கிற பேராசிரியர் மட்டுமா?

இங்கேதான் "போஸ்ட் டாக்" என்ற மனிதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லூரிப் படிப்பு முடித்து, அதன்பின் ஐந்தாறு ஆண்டு ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்குகிறான். அப்போது வயது முப்பதை எட்டியிருக்கும். படிப்பு முடிந்தது, இனி வேலைதான் என்று நீங்களும் நாமும் நினைப்போம். இல்லை, இன்னும் "பயிற்சி" பாக்கி இருக்கிறதாம்! ஒரு பேராசிரியரின் சோதனைச் சாலையில் ஓராண்டு, ஈராண்டு என்று தற்காலிக நியமனத்தில் சேர்கிறான். அந்த நியமனம் புதுப்பிக்கப்படலாம், படாமலும் போகலாம். கலிபோர்னியாவில் அதற்கு ஐந்தாண்டு வரம்பு. அதற்குள் நிரந்தர வேலை கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் அடுத்த ஊர். நம் மில்களில் பதிலித் தொழிலாளி ஆண்டுக்கணக்காகப் பதிலியாகவே காலம் தள்ளுவதைப் பார்த்திருக்கிறோம். முப்பத்தைந்து வயதுவரை பதிலியாக இருக்கிற விஞ்ஞானிகள் அந்தச் செல்வச் சீமையிலே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்பதை எத்தனை பேர் அறிவோம்?

காசு எப்படி வருகிறது என்பதையும் பார்ப்போம். மத்திய சர்க்காரின் ஆராய்ச்சி நிதியிலிருந்து பேராசிரியர் பெயருக்கு மானியம் வருகிறது. அந்த மானியத்திலிருந்துதான் போஸ்ட் டாக்கின் சம்பளம். மானியத்தோடு கூட, கட்டடத்துக்கும் மின்சாரத்துக்கும் நிர்வாகத்துக்கும் என்று தனியாக ஒரு தொகையைப் பல்கலைக் கழகம் வாங்கிக்கொள்கிறது. ஆராய்ச்சிக்கு நூறு டாலர் என்றால், அதற்குமேல் இந்த வகையில் ஐம்பது டாலருக்கும் அதிகமாகக் கணக்கிடுவது அங்கே வழக்கம். கட்டடம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சம்பளம் கேட்டால் "மானியத்தில் இடமில்லை" என்று கைவிரிக்கிற நிர்வாகத்துக்கு, அந்த மானியம் வந்ததே இந்த ஆட்களின் உழைப்பை நம்பித்தான் என்பது மறந்துபோய்விடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. உயிரணுவுக்குள்ளே இருக்கிற மரபுக் குறிப்பைக் கத்தரித்துத் திருத்துகிற "கிரிஸ்பர்" என்ற முறைக்காக, பெர்க்கிலியின் ஜெனிபர் டௌட்னா அம்மையாரும் எமானுவேல் ஷார்பென்டியே அம்மையாரும் 2020இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தப் பரிசுக்கு அடிப்படையான ஆராய்ச்சிக் கட்டுரை 2012இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் பட்டியலில் முதலில் நிற்கிற பெயர் மார்ட்டின் ஜினெக். அவர் யார்? டௌட்னா அம்மையாரின் சோதனைச் சாலையில் அப்போது போஸ்ட் டாக்! அம்மையாரின் பெருமையை நாம் குறைக்கவில்லை. ஜினெக்கும் பின்னால் சூரிச் பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் ஆனார். நாம் கேட்பது இதுதான்: உலகத்தையே மாற்றுகிற கண்டுபிடிப்பின் முதற் பெயருக்கு உரியவன் "பயிற்சி பெறுகிறவன்" என்றால், பயிற்சி முடிந்தவன் என்ன செய்வானோ?

ஆனால் சம்பளத்தைவிடப் பெரிய விலங்கு ஒன்று இருக்கிறது. அதுதான் சிபாரிசுக் கடிதம். போஸ்ட் டாக்குக்கு அடுத்த வேலை கிடைப்பது பேராசிரியர் எழுதுகிற கடிதத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னால் வர வேண்டும். இரவு பதினொரு மணிக்கு உயிரணுக்களுக்கு ஊட்டம் மாற்ற வேண்டும் என்றால் மாற்ற வேண்டும். பிள்ளை பெற்ற மனைவி வீட்டில் இருக்கிறாள், பிள்ளைபெற்ற பெண்ணே போஸ்ட் டாக்காகவும் இருக்கிறாள், எல்லாம் அவரவர் பாடு! நல்ல பேராசிரியர்கள் நிறைய உண்டு, அதை மறுக்கவில்லை. நல்ல மேஸ்திரிகளும் உண்டு. மேஸ்திரி நல்லவரா கெட்டவரா என்பதைப் பொறுத்துத் தொழிலாளியின் உரிமை அமையக்கூடாது என்பதற்காகத்தானே நாம் சங்கம் வைத்தோம்?

போஸ்ட் டாக்குகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வெளிநாட்டார். இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் போனவர்கள் ஏராளம். இவர்களுக்கு விலங்கு இரட்டை. வேலை போனால் வீசாவும் போகும். வீசா போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இப்படிப்பட்டவன் வாய் திறப்பானா என்றுதான் நிர்வாகம் நினைத்தது.

திறந்தான். சங்கம் வைத்தான். எந்தச் சங்கத்தில் சேர்ந்தான் என்று கேட்டால் தோழர்களுக்கு வியப்பாக இருக்கும். அமெரிக்காவின் ஐக்கிய மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தில்! 1935இல் டெட்ராயிட் நகரத்தில் பிறந்த சங்கம் அது. 1936 டிசம்பர் கடைசியில் பிளின்ட் நகரத்து ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து, கொட்டும் பனியில் 44 நாள் அசையாமல் இருந்து, 1937 பிப்ரவரியில் அந்த ராட்சசக் கம்பெனியைச் சங்கத்தை ஒப்புக்கொள்ளச் செய்தவர்கள் அதன் உறுப்பினர்கள். மோட்டார் பூட்டுகிறவனும் உயிரணு பார்க்கிறவனும் ஒரே கொடியின்கீழ் எப்படி வந்தார்கள்? அந்தச் சங்கம் இவர்களுக்குக் கதவு திறந்தது என்பது ஒரு காரணம். வேலைநிறுத்த நிதி அதனிடம் வலுவாக இருந்தது என்பது இன்னொன்று. இரண்டாவது காரணத்தை நாம் லேசாக எண்ணவில்லை. 2022 வாக்கில் அந்த மோட்டார்ச் சங்கத்தின் உறுப்பினர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் கல்வி நிலையங்களில் வேலை செய்கிறவர்!

சங்கம் எளிதில் வந்துவிடவில்லை. போஸ்ட் டாக்குகளின் சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது 2008இல். முதல் ஒப்பந்தம் கையெழுத்தாக 2010 ஆயிற்று. ஆராய்ச்சி அலுவலர்கள் 2018இல் சங்கம் அமைத்தார்கள். இவர்களுக்கெல்லாம் கீழே, பட்டத்துக்காகப் படித்துக்கொண்டே சோதனைச் சாலையில் வேலை செய்கிற மாணவ ஆராய்ச்சியாளர் நிலைமை இன்னும் வேடிக்கை. பல்கலைக் கழக ஊழியர்களுக்குச் சங்க உரிமை கொடுக்கும் மாநிலச் சட்டம் 1978இல் வந்தது. ஆனால் மாணவ ஆராய்ச்சியாளன் அந்தச் சட்டத்துக்கு "ஊழியன்" ஆகமாட்டான் என்று தள்ளி வைத்திருந்தார்கள். 2017இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் அவன் ஊழியன் ஆனான். அதற்கப்புறமும் நிர்வாகம் இழுத்தடித்து, வேலைநிறுத்த எச்சரிக்கை வந்த பிறகு, 2021 டிசம்பரில் சங்கத்தை ஒப்புக்கொண்டது. அதே ஆள், அதே மேஜை, அதே குடுவை. ஊழியனா இல்லையா என்று தீர்மானிக்க 39 ஆண்டு!

இனி 2022க்கு வருவோம். நவம்பர் 14ஆம் தேதி, பத்து இடங்களிலும் ஒரே நாளில், ஏறத்தாழ 48,000 பேர் வெளியே வந்தார்கள். போஸ்ட் டாக்குகள், ஆராய்ச்சி அலுவலர்கள், மாணவ ஆராய்ச்சியாளர்கள், வகுப்பு எடுக்கும் துணை ஆசிரியர்கள் எல்லாரும் சேர்ந்து. அமெரிக்க உயர்கல்வி வரலாற்றில் அதுவரை அப்படி ஒரு வேலைநிறுத்தம் நடந்ததில்லை.

என்ன கேட்டார்கள்? போஸ்ட் டாக்குக்கு ஆண்டுக்கு 70,000 டாலர். மாணவ ஊழியருக்கு 54,000 டாலர். நம் ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு "அம்மாடி!" என்று தோழர்கள் மலைக்க வேண்டாம். அங்கே வாடகையும் டாலரில்தான், கத்தரிக்காயும் டாலரில்தான். அப்போது போஸ்ட் டாக்கின் அடிமட்டச் சம்பளம் ஆண்டுக்கு 55,000 டாலரை ஒட்டி இருந்தது. மாதத்துக்கு 4,600 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள், வரி பிடிப்பதற்கு முன்னால். வருமானத்தில் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் வீட்டுக்குப் போனால் அந்தக் குடும்பம் வாடகைச் சுமையில் இருக்கிறது என்பது அமெரிக்க அரசாங்கமே வைத்திருக்கிற அளவுகோல். அதன்படி இவன் கொடுக்கக்கூடிய வாடகை 1,380 டாலர். சான்பிரான்சிஸ்கோவிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் அந்தப் பணத்துக்குக் குடும்பத்தோடு இருக்க ஒரு வீடு கிடைக்குமா? ஆண்டுக்கு 24,000 டாலர் சுமாருக்குக் காலம் தள்ளிய மாணவ ஊழியனைப் பற்றிப் பேசவே வேண்டாம். இந்தப் பல்கலைக் கழகத்தின் தலைவராக 2020இல் வந்தவருக்கு நிர்ணயித்த ஆண்டுச் சம்பளம் 8,90,000 டாலர் என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறோம். அந்தப் பலகையில் "வாய்ப்பு" என்று எழுதியிருந்ததா என்பது நமக்குத் தெரியாது!

சோதனைச் சாலையில் வேலைநிறுத்தம் என்பது ஆலை வேலைநிறுத்தம் போன்றதல்ல. ஆலை நின்றால் சங்கு நிற்கிறது, புகை நிற்கிறது, ஊருக்கே தெரிகிறது. ஆராய்ச்சி நின்றால் வெளியே ஒன்றும் தெரியாது. அதைவிட, நின்றுபோவது ஆராய்ச்சியாளனின் சொந்தக் கட்டுரை. கெட்டுப்போவது அவன் மாதக்கணக்கில் வளர்த்த உயிரணு. தன் எதிர்காலத்தின்மேலேயே மறியல் செய்வது போன்றது அது. அப்படியிருந்தும் வந்தார்கள். வேலைநிறுத்தம் வேண்டுமா என்று நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் வேண்டும் என்றார்கள்.

அப்போது நடந்த ஒன்றை நம் லாரித் தோழர்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். பல்கலைக் கழகத்துக்குப் பார்சல் கொண்டுவந்த யு.பி.எஸ். கம்பெனியின் வண்டியோட்டிகள், "டீம்ஸ்டர்ஸ்" என்ற வண்டித் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள், மறியல் வரிசையைத் தாண்ட மறுத்துப் பார்சலோடு திரும்பினார்கள். டாக்டர் பட்டம் வாங்கியவனுக்காக, அந்தக் கட்டடத்துக்குள் என்ன ஆராய்ச்சி நடக்கிறது என்றே அறியாத வண்டியோட்டி நின்றான். பரீட்சைத் தாள்கள் திருத்த ஆளில்லாமல் டிசம்பரில் குவிந்தன. சாக்ரமென்டோ நகரத்தில் பல்கலைக் கழக அலுவலகத்துக்குள் உட்கார்ந்த பதினேழு பேரைப் போலீசார் பிடித்துப் போனார்கள்.

போஸ்ட் டாக்குகளும் ஆராய்ச்சி அலுவலர்களும் முதலில் உடன்பாடு கண்டார்கள். நவம்பர் கடைசியில் பேச்சு முடிந்தது. முடிந்தும் உடனே உள்ளே போகவில்லை. மற்றவர்களோடு தெருவிலேயே நின்று, டிசம்பர் 9ஆம் தேதி வாக்கெடுத்து ஏற்றுக்கொண்ட பிறகுதான் போனார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம். அடிமட்டத்தில் இருந்த போஸ்ட் டாக்குக்கு 2023 அக்டோபருக்குள் ஏறத்தாழ 12,000 டாலர் உயர்வு. பிள்ளை பெற்றாலோ வீட்டில் நோயாளி இருந்தாலோ எட்டு வாரம் முழுச் சம்பளத்தோடு விடுமுறை. குழந்தை வளர்ப்புக்கு ஆண்டுக்கு 2,500 டாலரில் தொடங்குகிற உதவி. ஓராண்டு நியமனம் என்று தொங்கவிடாமல் முதல் நியமனமே இரண்டாண்டு.

மாணவ ஊழியர்கள் இன்னும் இரண்டு வாரம் நின்றார்கள். நகர மேயர் டாரல் ஸ்டைன்பர்க் மத்தியஸ்தம் செய்து, டிசம்பர் 23ஆம் தேதி அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். கேட்டது 54,000, கிடைத்தது 2024 அக்டோபரில் 34,000. பெர்க்கிலி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான்பிரான்சிஸ்கோ மூன்று இடங்களுக்கு மட்டும் 36,500. இந்த இடத்தில் நமக்கு மனம் ஒப்பவில்லை. ஒரே பல்கலைக் கழகம், ஒரே வேலை, ஊரைப் பார்த்து இரண்டு கூலி! சாந்தா குரூஸ் நகரத்தில் வாடகை என்ன குறைவா? அந்த ஊர்த் தோழர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத்தை எதிர்த்தே வாக்களித்தார்கள்; அவர்கள் எதிர்த்ததில் நியாயம் இருக்கிறது என்பதே நம் கருத்து. போஸ்ட் டாக்குகள் முன்னாலேயே கையெழுத்திட்டதால் பின்னால் நின்றவர்களின் பலம் குறைந்தது என்று அங்கேயே பேச்சு எழுந்தது. நான்கு பிரிவுகள் சேர்ந்து இறங்கிய போராட்டத்தில் எந்தப் பிரிவு எப்போது எழுவது என்பது நம்முடைய கூட்டு நடவடிக்கைக் குழுக்களும் யோசிக்க வேண்டிய விஷயம்.

இனி வழக்கமான பல்லவி. "கூலியை உயர்த்தினால் இடங்கள் குறையும், வாய்ப்பு கெடும்." சில துறைகள் புதிதாகச் சேர்க்கிற ஆராய்ச்சி மாணவர் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டதும் உண்டு. ஆனால் இந்தப் பல்லவியை நாம் பஞ்சப்படி கேட்டபோது கேட்டோம், எட்டு மணி வேலை கேட்டபோது கேட்டோம். குறைந்த கூலிக்கு நிறையப் பேரை வாட்டுவதுதான் வாய்ப்பு என்றால், கொத்தடிமை முறையைப்போல் வாய்ப்பு வாரி வழங்கியது வேறு ஏது?

கலிபோர்னியாவில் எழுந்த ஓசை தலைநகரத்திலும் கேட்டது. போஸ்ட் டாக்குகளுக்கு அளவுகோலாக இருக்கிற உதவித்தொகையை நிர்ணயிப்பது அமெரிக்க தேசிய சுகாதார நிலையம். 2022இல் அது முதலாண்டுக்காரனுக்கு வைத்த தொகை 54,840 டாலர். 2023 டிசம்பரில் அதன் ஆலோசனைக் குழு, 70,000 டாலருக்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. ஓராண்டுக்கு முன்னால் தெருவில் தட்டியில் எழுதிப் பிடித்திருந்தார்களே, அதே எழுபதாயிரம்! 2024இல் தொகை 61,008 ஆயிற்று.

நம் நாட்டுக் கதையும் இதே ராகம்தான். இங்கே அதற்குப் பெயர் "பெல்லோஷிப்". சம்பளம் என்று சொல்லமாட்டார்கள். சொன்னால் சேமநல நிதி, பஞ்சப்படி என்று கேட்பார்களே! இளநிலை ஆராய்ச்சியாளருக்கு 2014இல் மாதம் 25,000 ரூபாய் என்று வைத்தார்கள். விலைவாசி ஏறியது, தொகை நான்காண்டு அசையவில்லை. 2018 கடைசியில் நாடெங்கும் ஆராய்ச்சி நிலையங்களில் மாணவர்கள் அட்டை பிடித்து நின்றார்கள், டில்லிக்குப் போனார்கள். 2019இல் 31,000 ஆயிற்று. மறுபடியும் கூச்சல் போட்ட பிறகு 2023இலிருந்து 37,000. ஒவ்வொரு தடவையும் மன்றாட வேண்டியிருக்கிறது. சர்க்கார் குமாஸ்தாவுக்கு ஆண்டுக்கு இருமுறை தானாக ஏறுகிற பஞ்சப்படி, ஆராய்ச்சி செய்கிறவனுக்குக் கிடையாது. அந்த 37,000கூடத் தேசியத் தேர்வில் தேறியவர்களுக்குத்தான். மத்தியப் பல்கலைக் கழகங்களில் தேர்வில்லாமல் சேர்ந்தவர்களுக்கு மாதம் 8,000 ரூபாய் என்ற ஓர் உதவி இருந்தது. 2015 அக்டோபரில் அதையும் நிறுத்தப் பார்த்தது பல்கலைக் கழக மானியக் குழு. டில்லியில் அந்த அலுவலக வாயிலிலேயே மாணவர்கள் படுத்துக் கிடந்ததால் அது நின்றது. இங்கே சட்டப்படி பேச்சுவார்த்தை நடத்த அவர்களுக்குச் சங்கம் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு தடவையும் தெரு.

அமெரிக்காவில் 2025 இன்னும் கடுமையான ஆண்டாக வந்தது. மார்ச்சில் கலிபோர்னியாப் பல்கலைக் கழகம் புது நியமனங்களை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. கோடைக் காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த மத்திய மானியத்தில் 58 கோடி டாலருக்கு மேல் டிரம்ப் அரசாங்கம் முடக்கியது. ஆராய்ச்சியாளர்கள் நீதிமன்றம் போய் அதைத் திறக்க உத்தரவு வாங்கினார்கள். செப்டம்பரில் "எச்-1பி" வீசாவுக்குப் புதிதாக வெளியிலிருந்து ஆளெடுத்தால் ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. அந்த வீசாவில் ஆராய்ச்சிக்குப் போக நினைத்த நம் இளைஞர்கள் தலையில் நேராக விழுந்த அடி அது.

இத்தனைக்கும் நடுவே அங்கே போகிற நம் பிள்ளைகள் உண்டு. அவர்களின் தகப்பன்மார் சிலர் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். நியமனக் கடிதம் கைக்கு வந்ததும் பல்கலைக் கழகத்தின் முத்திரையைப் பார்த்து மயங்கிப் போகாமல், நியமனம் எத்தனை மாதத்துக்கு, சம்பளப் படியில் எத்தனையாவது படி, முன்னால் செய்த ஆராய்ச்சி ஆண்டுகளைக் கணக்கில் சேர்த்திருக்கிறார்களா என்று பையன் பார்க்கட்டும். சேர்க்காமல் விட்டிருந்தால், பேராசிரியரிடம் தனியாகப் போய்த் தலையைச் சொறிய வேண்டாம். சங்க அலுவலகத்துக்குப் போகட்டும். சங்கச் சீட்டில் முதல் வாரத்திலேயே கையெழுத்திடலாம். வெளிநாட்டான் என்பதற்காக அந்நாட்டுச் சட்டம் அதைத் தடுக்கவில்லை. 2022இல் தெருவில் நின்றவர்களில் வெளிநாட்டார் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.